நெப்பீவோடா வீட்டு மீற்றர்

கொட்டாஞ்சேனையில் என் பொறுப்பில் இருக்கும்
நானூற்றுப் பன்னிரண்டு தண்ணீர் மீற்றர்களில்
ஒன்றுக்கு மட்டும்தான் இந்தப் பெயர்:
நெப்பீவோடா.
பில் அடிக்கும் கருவி அதை
மாதம் ஒரு விதமாய் வெட்டும்.

"சிங்களமோ, பறங்கியோ?" என்றேன்.
ஜெசிந்தா அக்கா சிரித்தார்.
உக்ரைன்காரர், கப்பலில் எஞ்சின் பார்த்த மாமனார்,
காய்ச்சலோடு இங்கே இறக்கிவிடப்பட்டு
வார்ட்டுத் தாதியையே கட்டிக்கொண்டாராம்.
பெயரின் பொருள்?
"தண்ணி குடியாதே."

யாரோ ஒரு குதிரைவீரன்
தண்ணீரைத் தொடாமல் சாராயத்திலேயே வாழ்ந்தானாம்.
இல்லை, கிணற்றில் நஞ்சு விழுந்த ஊராம்.
எத்தனையாவது கிளாஸ் என்பதைப் பொறுத்து
மாமனாரின் கதை மாறும்.
தண்ணி குடியாதே என்று
என் மனைவியும்தான் சொல்கிறாள்,
வேறு போத்தலைக் காட்டி.

கட்டாரில் இருக்கும் கணவரைச் சேர்க்காவிட்டால்
தீவு முழுக்க மூன்று பேர்:
மாதம்பிட்டி மயானத்தில் ஒருவர்
(கல்லில் ஓர் எழுத்துப் பிழை),
அக்கா,
கானுக்குள் பந்து தேடும் அவர் மகன்.
ஒழுங்கைப் பொடியள்
பெயரின் வாலை மட்டும் பிடித்து
"வாடா!" என்கிறார்கள்.
அவனும் வருகிறான்.

எனக்கு அப்பா
ஒரு 'வே', ஒரு புள்ளி.
என் மகளுக்கு அதுவும் இல்லை.

இந்த மாதம் நாற்பத்தாறு யூனிட்.
நம்ப முடியாமல்
எல்லாப் பைப்பையும் பூட்டச் சொன்னேன்.
மூவரும் குந்தியிருந்து பார்த்தோம்.
சிவப்பு முள்
மெல்லச் சுற்றிக்கொண்டேயிருந்தது.