மூன்றாவது சிலிண்டர்

ஆஞ்சியோவுக்கு முன் அரை மணி நேரம்
நோயாளியின் காதில் ஏதாவது ஊற்ற வேண்டும்,
எங்கள் பிரிவின் புது விதி.
டேப்லெட்டில் பதினொரு ஒலிகள்.

எலியோதோரோ பார்ரியா, அறுபத்தெட்டு,
நண்டுப் படகுகளில் இஞ்சின் அறைக்காரர்.
மணிக்கட்டு மழித்தாயிற்று.
பிரஷர் நூற்றெண்பத்தாறு.

மழை வைத்தேன்.
"எங்கோ ஒழுகுகிறது" என்றார்.
அலை வைத்தேன்.
"கரைக்கு இவ்வளவு பக்கத்திலா? பாறை, அம்மா, பாறை!"
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
காட்டுப் பறவைகளுக்குப் பதிலே இல்லை,
கட்டில் கம்பியில் பிடி மட்டும் இறுகிற்று.
வெண்கலக் கிண்ணம் ஒலித்ததும்
யார் செத்தது என்று கேட்டார்.

வெளியே புந்தா அரேனாஸின் காற்று
ஒரு குடையையும் பிறகு குடைக்காரியையும்
தெருமுனைவரை இழுத்துப் போனது.
அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எதைக் கேட்டுக்கொண்டு தூங்குவீர்கள்?
இதைக் கேட்க எனக்கு இத்தனை நேரம்.

"இஞ்சின்தான். நாற்பத்தோரு வருஷம்
அதன் தலைமாட்டில் படுத்தவன்.
ஓடுகிறவரை தூங்குவோம்.
நின்றால்தான் எழுந்து உட்காருவோம்."

பதினொன்றில் இஞ்சின் இல்லை.

நல்லவேளை, அன்று புதன்.
கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குச் சோதனை ஓட்டம்.
சலவை அறை தாண்டி ஓடி
டீசல் வாடைக்குள் கைப்பேசியை நீட்டி
ஆறு நிமிஷம் நின்றேன்.
மெக்கானிக் ஓயார்சோ என்னைப் பார்த்த பார்வை
இந்தக் கவிதையில் வேண்டாம்.

ஹெட்போனை மாட்டியதும்
அவர் புருவம் சுருங்கிற்று,
ஒரு விரல் எழுந்தது. போச்சு என்று நினைத்தேன்.
"மூன்றாவது சிலிண்டர்.
வால்வு தளர்ந்திருக்கிறது. தட்டுகிறதே, கேட்கவில்லையா?"
எனக்குக் கேட்கவில்லை.
விரல் மெல்ல இறங்கிப் போர்வைமேல்
அந்தத் தட்டலைத் தட்டிக்கொண்டிருந்தது.
நூற்று எழுபது. நூற்று ஐம்பத்து மூன்று.
வாய் லேசாகத் திறந்துகொண்டது.

டாக்டர் மார்தினிச் எட்டிப் பார்த்து
மயக்க மருந்து கொடுத்துவிட்டாயா என்றாள்.
இல்லை என்றேன்.
அதற்குள் ஒலிப்பதிவு தீர்ந்துவிட்டது.

சட்டென்று கண் திறந்தார்.
முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்,
அறையில் யாரோ மூழ்குவதுபோல்.

பிறகு மணிக்கட்டில் ஊசி ஏறியபோதும்
மெல்லிய கம்பி தோளைக் கடந்து
நெஞ்சுக்குள் வழி தேடியபோதும்
நான் திரையைப் பார்க்கவில்லை.
ஒவ்வொரு ஐந்தே முக்கால் நிமிஷத்துக்கும்
பெருவிரலைத் தயாராக வைத்திருந்தேன்.
அன்று இஞ்சின் அறைக் காவல் எனது.

அடுத்த வாரம் ஓயார்சோ
முணுமுணுத்தபடியே வால்வைச் சரிசெய்தார்.
பட்டியலில் பன்னிரண்டாவதாக இருப்பது
சரிசெய்வதற்கு முந்தைய சத்தம்.