பட்டியலில் இல்லாத தீவு

மங்கலம் ரோட்டில்
தறிச்சத்தம் ஓய்ந்து தையல்சத்தம் தொடங்கும் வளைவில்
எங்கள் பிரிண்டிங் பட்டறை.
ஆறாயிரம் பனியன், கடல்நீலம்,
நெஞ்சில் ஒரு பறவை,
அதன் காலடியில் அவர்கள் பாஷையில் ஒரே ஒரு சொல்.
"ஆமாங்கன்னு அர்த்தமாமுங்க" என்றான் மெர்ச்சண்டைசர் நவநீதன்.
எதற்கு ஆமாம் என்று கேட்கத் தோன்றவில்லை.
வாரம் கழித்து வேறொரு ஏஜெண்டிடமிருந்து
வெள்ளைத் துணியில் ஒன்பதாயிரம்.
பறவை இல்லை. சொல் வேறு.
அர்த்தம் கேட்காமலே தெரிந்துவிட்டது.

காலையில் ஆமாம், சாயங்காலம் வேண்டாம்.
நடுவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஸ்கிரீனைக் கழுவினேன்.
கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

பில் போடும் கோகிலவாணி
நாடுகளின் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள்.
தீவின் பெயர் அதில் இல்லை.
"ஆள்ற நாட்டுப் பேரைப் போட்டாத்தான் பெட்டி நகருமாமுங்க."
போட்டாள்.
விடுதலை கேட்ட ஆறாயிரமும்
ஆளுகிறவன் பெயரில்தான் தூத்துக்குடிக்குப் போயின.

நானும் ஒருமுறை கை தூக்கியிருக்கிறேன்.
எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கிறோம் என்றார்கள்.
பள்ளிக்கூட மைதானத்தில், கிராமசபையில்
முந்நூற்றுப் பதினொரு கை.
மாரக்காள் இரண்டையும் தூக்கினாள்,
"ஒண்ணை எறக்குங்கம்மா" என்றார் எழுத்தர்.
ஆறாம் மாதம் கதவில் புது வரி நோட்டீஸ்,
எங்கள் ஊரின் இடத்தில் ஒரு வார்டு எண்.

அதுவும் இதுவும் ஒன்றென்று சொல்லமாட்டேன்.
எங்களை யாரும் சுடவில்லை, பாஷையைப் பிடுங்கவில்லை.
கேட்டும் கேட்காத அந்தக் காது மட்டும்
ஒரே மாதிரி.

சாயம் விலகி, பறவைக்கு இரண்டு அலகு விழுந்த
முப்பது உருப்படி கழிவில் கிடந்தது.
ஒன்றை எடுத்துக்கொண்டான் திலேஸ்வர்.
பதினோரு வருசமாக இங்கே இருக்கிறான், ஓட்டு மட்டும் ஒடிசாவில்.
தேர்தலுக்கு ஒருதரமும் டிரெயினில் இடம் கிடைத்ததில்லை.
ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் அந்தப் பனியனோடு நின்றான்.
"எந்த நாட்டுக் கொடி சாமி அது?" என்றார் டீ ஆற்றுகிறவர்.
அவன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான்.
"நாடு இல்லண்ணா. இன்னும் கேட்டுட்டு இருக்கு."

அங்கே ஓட்டு என்ன ஆனதென்று
எங்கள் பேப்பரில் வரவில்லை.
ஐப்பசியில், அதே நீலத்துக்கு
மறுபடி சாம்பிள் கேட்டிருக்கிறார்கள்.