ஐந்தாம் நிறுத்தம்

போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காடு முடிந்து
சோலை தொடங்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்தினோம்.
மணி ஒன்பது இருபது. பதினோரு டிகிரி.
ஈரப்பதம் தொண்ணூற்றாறு என்று எழுதும்போதே
தாளும் அதை ஒத்துக்கொண்டு நமத்தது.

காலுறைக்குள் புகையிலைப் பொடி,
நெற்றி விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள்.
ஜிஷா முன்னால். தொடுபுழாக்காரி, பேச்சு மலையாளம்,
எண்ணிக்கை மட்டும் எனக்காகத் தமிழில்.
ராக்கன் நடுவில், பூட்ஸில் ஓட்டையோடு.
எழுதுகிறவன் நான்
நடையில் கடைசி, அட்டைக்கு முதல்.

நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம்.
நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம்
விளக்கணைத்துக் காதால் எண்ணவேண்டும்.
ட்டிக் ட்டிக் என்று
யாரோ நகம் வெட்டுகிற குரல் ஒன்று உண்டு.
அந்தத் தவளைக்குக் குளம் வேண்டாம், ஓடை வேண்டாம்,
தலைப்பிரட்டையாக நீந்தும் பருவமே இல்லை.
முட்டைக்குள்ளேயே வால் வளர்ந்து, வால் கரைந்து
மிளகளவில் ஒரு முழுத் தவளை
கதவைத் திறந்துகொண்டு வரும்.

முதல் நிறுத்தம் ஏழு. இரண்டாவது ஒன்பது.
மூன்றில் யானைப் பிண்டம்;
ராக்கன் அதன்மேல் உள்ளங்கையைக் காட்டி
"போயிருச்சு" என்றான். எண்ணிக்கை நான்கு.
நான்காவதில் ஜிஷா தும்மினாள்,
காடு வாயை மூடிக்கொண்டது.
மறுபடி முதலிலிருந்து.

ஐந்தாவது, எல்லைக்கல்லுக்குப் பக்கம்.
கல்லில் ஒரு முகம் கேரளம், மறுமுகம் பாசி.
போன வருடம் இந்தக் கட்டத்தில் பதினொன்று.
என் கையெழுத்துதான்.

விளக்கணைத்தோம்.
இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் சத்தம்.
ராக்கனின் வயிறு.
கீழே வளைவில் லாரி ஒன்று கியர் மாற்றியது.
எட்டு நிமிடம்.
ஒன்பதாவதில், ட்டிக்.

மூவரும் ஒரே பக்கம் திரும்பியது
இருட்டிலும் தெரிந்தது.
கல்லுக்கு அந்தப் பக்கம்.
எட்டிப் பிடித்தால் கிளை கைக்கு வரும்.
ஆனால் அனுமதிக் கடிதம் இந்தப் பக்கத்துக்குத்தான்.
அந்தப் பக்கத்து மனுவை
தேனியில் ஏதோ ஒரு மேசை
மூன்று மாதமாக அடைகாக்கிறது.

"பூஜ்யம்" என்றாள் ஜிஷா.
இரண்டு மொழிக்கும் அதே சொல்.
பென்சிலுக்கு அது எளிது, ஒரே சுற்று.
"சத்தம் இந்தப் பக்கம்தான வந்துச்சு?"
என்று கேட்டான் ராக்கன்.
ஜிஷா யோசித்தாள்.
அறிக்கையின் முன்னுரையை
அங்கேயே திருத்துகிறவள் போல யோசித்தாள்.
பிறகு கடிகாரத்தைப் பார்த்து
ஆறாவதுக்கு நடந்தாள்.

ஒன்றரைக்கு இறங்கினோம்.
சோதனைச் சாவடியில் குரங்குக்குல்லாய்க் காவலர்
பையைத் திறக்கச் சொன்னார்.
வெப்பமானி, ஈரத்துண்டு, பாதி ரஸ்க்.
"வேற ஒண்ணும் இல்லையே?"
இல்லை என்று சொல்லி முடிக்கவில்லை,
தடுப்புக்கம்பின் அடியில்
கல் நிரப்பித் தொங்கவிட்ட,
செடி முளைத்த வாளியிலிருந்து
ட்டிக். ட்டிக். ட்டிக்.

யாரும் தாளை எடுக்கவில்லை.
அவர் கயிற்றை அவிழ்த்தார்.
கம்பு மேலே போக, வாளி கீழே வந்தது.
குரல் நின்றது.
ஜீப் தாண்டியதும்
முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் தாழ்வாக
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.