இரண்டு மட்டம்

சூளூர்ப்பேட்டையில் இறங்கி
மீன்கூடைகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி
பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது
லாக்கின் கைப்பிடிச் சுவரில்
யாரோ நைட்டி காயப்போட்டிருந்தார்கள்.

அலுவலகம் தந்த தாளில்
இப்படி இருந்தது:
கால்வாய்ப் பூட்டு. வெள்ளைக்காரர் காலம்.
கதவு இலைகள் நான்கு, தேக்கு.
நிலை: ______
அந்தக் கோட்டை நிரப்பத்தான் என்னை அனுப்பினார்கள்.

மூன்று இலைகளைக் காணோம்.
நான்காவது சேற்றில் சாய்ந்து கிடக்கிறது,
பந்தியில் யாரோ மூடாமல் எழுந்துபோன இலை மாதிரி.
கருங்கல் விளிம்பில் கயிறு அறுத்த பள்ளம்.
என் சுண்டுவிரல் முழுசாய் உள்ளே போகிறது.
எத்தனை படகு, எத்தனை உப்பு, எவ்வளவு சவுக்கு விறகு
இந்தப் பள்ளத்தைத் தோண்டியிருக்கும்!
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

மட்டக்கோல் பிடிக்க வரவேண்டிய தாமு
தடாவோடு திரும்பிவிட்டான், வயிற்றுவலியாம்.
நைட்டிக்காரி வந்தாள்.
அங்கம்மா. இருபத்திரண்டு இருக்கலாம்.
முந்நூறு கேட்டாள், முன்னாலேயே.
இடுப்பளவு நீரில் இறங்கிக்
கோலை அசையாமல் பிடித்தாள், தாமுவைவிட நன்றாக.

மேல்பக்கம்: ஒன்று புள்ளி இரண்டு நான்கு.
கீழ்ப்பக்கம்: ஒன்று புள்ளி இரண்டு நான்கு.
ஏறவோ இறங்கவோ ஒன்றுமில்லாத இடத்தில்
பூட்டு எதற்கு?
வித்தியாசம் பூஜ்யம் என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தாள். சுழியம் அவளுக்கும் தெரிகிறது.
"இப்ப வேணாம் மேடம். சாயந்திரம் பாரு."

சாயந்திரம்
ஏரிப்பக்கத்திலிருந்து நீர் வந்தது.
சத்தமில்லை. நைட்டி நிழல் தொட்ட கல் நனைந்தது, அவ்வளவுதான்.
சேறு அடைத்த வாயில் வழியாக
உள்ளே கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
இலை இருந்த இடத்தில் இரண்டு மூங்கில்,
நடுவே சுருட்டிக் கட்டிய வலை.
பாதம் வரை உள்ளே வந்த மடவைகள்
திரும்பிப் போக நினைக்குமுன்
முடிச்சை இழுத்தாள்.

"கதவு" என்றேன்.
"தலுப்பு" என்று திருத்தினாள்.

மறுபடி கோல் வைத்தோம்.
வெளியே ஒன்று புள்ளி ஒன்று ஏழு.
ஏழு சென்டிமீட்டர், நாலு விரல்.
அந்த நாலு விரலில்தான்
அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

இனித்தான் என் சிக்கல்.
பயன்பாட்டில் உள்ளது என்றால்
ஆக்கிரமிப்பு என்று வலையை அறுக்க வருவார்கள்.
பயன்பாட்டில் இல்லை என்றால்
தூர்வார வரும் இயந்திரம்
கல்லைக்கூட விட்டுவைக்காது.
அவளிடமே கேட்டேன், என் அரைகுறைத் தெலுங்கில்.
மீனிலிருந்து கண்ணெடுக்காமல்
"நீள்ளு உந்நாயி, அதி ராயண்டி" என்றாள்.
தண்ணீர் இருக்கிறது, அதை எழுதுங்கள்.

ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை இல்லை.
மீதிக்கு நண்டு தந்தாள்,
காலைக் கட்டி, உரச்சாக்கில் சுற்றி.

ஆரம்பாக்கம் சோதனைச் சாவடியில்
பையைத் திறக்கச் சொன்னார்கள்.
கட்டவிழ்ந்த ஒரு நண்டு
இரண்டு கொடுக்கையும் தூக்கி
டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தது.
"போ, போ" என்றார் ஏட்டு.

மடித்து வைத்த தாளில்
நிலைக்கு எதிரே கோடு
இன்னும் கோடாகவே.