எண் நாற்பத்து நான்கு

பத்து என்று ரசீதில் போடுகிறார்கள்.
வந்து சேர்வது ஒன்றேகால்.
நடுவழியில் ஒழுகிய எட்டேமுக்கால்
எந்தப் பள்ளத்தில் தேங்குகிறதோ,
சஸ்காச்சுவானில் பள்ளமே கிடையாது.

அரசாங்க வரைபடத்தில் எங்கள் வீடு பச்சை.
பச்சை என்றால் இணையம் உண்டு என்று பொருளாம்.
ஒட்டாவாவில் யாரோ உட்கார்ந்த இடத்தில் பூசியது.

கோபுரத்துக்கும் எங்கள் கூரைக்கும் குறுக்கே
பாப்லர் மரங்கள் ஏழு.
காற்றைத் தடுக்க வைத்தவை.
காற்றில் ஒருநாள் வேறு சரக்கும் வரும் என்று
வைத்தவருக்கு எப்படித் தெரியும்?
இலை உதிர்ந்த மாதங்களில் படம் ஓடும்.
துளிர்த்தால் நிற்கும்.
ஊரார் வசந்தம் என்பதை
நாங்கள் "போச்சு" என்போம்.

செப்டம்பர்.
வடக்கே ஒரு பண்ணையை முழுசாகக் கலைக்கிறார்கள்.
நூற்று எண்பது கிலோமீட்டர்.
அறுவடை இயந்திரத்தை விட்டு நெஸ்டர் இறங்க மாட்டான்.
ஆகவே ஏலம் சமையலறையில்,
மடிக்கணினியும் மாவு படிந்த மேசையுமாக.

ஏலக்காரர் வாய் திறக்கிறார்.
ஒரு தரம்...
வட்டம் சுற்றுகிறது.
திறந்த வாய் திறந்தபடி.
கடைவாயில் கட்டிய தங்கப்பல் தெரிகிறது.
வட்டம் சுற்றுகிறது.
கெட்டில் கொதித்துத் தானே அணைகிறது.
உயிர் திரும்பும்போது
வேறு மாடு, வேறு விலை.
இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும்
பாப்லர் இலைகளில் எங்கோ மாட்டிக்கிடக்கின்றன.

மூன்று கிடாரிகள் இப்படிப் போயின.
என் "சரி" போய்ச் சேரும்போது
அவை லாரி ஏறிவிட்டிருந்தன.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்:
பதினொரு வினாடி.
சரி, பதினொரு வினாடி முன்னால் வாழ்ந்து பார்ப்போம்.
பறக்கும் வாத்துக்கு ஒரு முழம் முன்னால்தானே
குறி வைக்கிறோம்?
எண் நாற்பத்து மூன்று.
சிவப்பு ஆங்கஸ் கிடாரி, சினை.
வாசலில் மூக்கு தெரிந்ததும்
ஏலக்காரர் மூச்சை இழுக்குமுன்
அழுத்தினேன்.

அந்த நேரம் பார்த்துக் காற்று எழுந்தது.
ஏழு மரமும் ஒன்றாகக் கைதட்டின.
வட்டம்.
வட்டம்.
வட்டம்.

"வாழ்த்துகள், திருமதி ஓரீசியா மெல்னிச்சுக்.
எண் நாற்பத்து நான்கு உங்களுடையது.
முந்நூற்றுப் பத்து டாலர்."

நாற்பத்து நான்கு ஒரு கழுதை.

இரவு நெஸ்டர் வந்தான், காதெல்லாம் கோதுமைத் தூசி.
கத்துவான் என்று நினைத்தேன்.
திரையை வெகுநேரம் பார்த்தான்.
"ஒரு காது மடங்கியிருக்கு" என்றான், அவ்வளவுதான்.
படம் மேலிருந்து பாதிதான் இறங்கியிருந்தது.
கால்கள் நாலும் உண்டா என்பது
காலையில்தான் தெரிந்தது.

கயோட்டிகளை விரட்டும் என்றார்கள்.
விரட்டவில்லை.
பெயர் வைக்கத் தோன்றவில்லை,
நாற்பத்து நான்கு என்றால் திரும்பிப் பார்க்கும்.
குளிர்காலம் முழுக்க மர வரிசையில் நின்று
மூன்றாவது பாப்லரின் பட்டையை
வேறு வேலை இல்லாதவன் பழைய சுவரொட்டியைக் கிழிப்பதுபோல்
உரித்துத் தின்றது.

மே மாதம் ஆறு மரம் துளிர்த்தது.
மூன்றாவது துளிர்க்கவில்லை.
நெஸ்டர் வெட்டிச் சாய்த்தான்.
அன்று மாலை வானிலைச் செய்தி
ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது.
நாங்கள் இருவரும் நின்றுகொண்டே பார்த்தோம்,
உட்கார்ந்தால் போய்விடுமோ என்று.

எண்ணினேன். எட்டு வினாடி.

ஜூனில் கம்பெனியிலிருந்து கடிதம்:
எங்கள் முதலீட்டால் உங்கள் சேவை மேம்பட்டுள்ளது,
இனி மாதம் நான்கு டாலர் கூடுதல்.
முதலீடு கொட்டகைக்கு வெளியே நின்று
நான்காவது மரத்தை முகர்ந்துகொண்டிருந்தது.

கம்பிவலை வாங்கிச் சுற்றணும் என்கிறான் நெஸ்டர்.
பார்க்கலாம் என்கிறேன்.
கடைக்குப் போகும்போதெல்லாம் மறந்துவிடுகிறேன்.

டிசம்பர் வந்தது.
மூன்றாவது மரம் நின்ற சந்து வழியே
காற்று நேராகச் சமையலறைக் கதவுக்கு வருகிறது,
பனியை வாரிக்கொண்டு,
ஒரு வினாடிகூடத் தாமதிக்காமல்.