நூற்றைம்பது

ஆவணி பத்துக்கு முன் கிடாயை அவிழ்த்துவிடக் கூடாது.
விரலை மடக்கி எண்ணிப் பார்:
ஆவணி, புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி.
தை பத்தில் முதல் குட்டி விழும்.
மழை வெளித்திருக்கும்.
அராலி வயலில் அருவி வெட்டி அரிதாள் நிற்கும்,
வரம்பெல்லாம் அறுகு.
மடியில் பால் சுரப்பது புல்லால்.
நேர்த்தியால் அல்ல.

அதுவரை கிடாய்க்குத் தனிக் கொட்டில்,
வயிற்றில் யூரியாச் சாக்கு.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோவணம் என்று சிரிப்பார்கள்.
ஆடி முழுக்க அது என்னை முறைத்ததுபோல
என் புருசன்கூட முறைத்ததில்லை.

பனங்காய் விழத் தொடங்கியதும் மறிகளுக்குப் பிசைந்து வைத்தேன்,
பின்னேரம் ஒரு பிடி பிண்ணாக்கு.
எலும்பு தெரிகிற மறி சினை பிடிக்காது.

பத்தாம் நாள் சாக்கை அவிழ்த்து
கிடாயின் நெஞ்சில் காவியும் எண்ணெயும் பூசினேன்.
பின்புறம் சிவந்தவை கணக்கில் சேர்ந்தன.
பதினேழு நாள் கழித்துக் கரி.
சிவப்பின் மேல் கறுப்பு விழுந்தவை ஐந்து,
அவை மாசிக்குத் தள்ளிப்போகும்.

சொட்டைக்காதியில் மட்டும்
சிவப்புமில்லை கறுப்புமில்லை.
மலடு என்று நினைத்தேன்.
சுன்னாகத்து இறைச்சிக்காரன் விலையும் பேசிவிட்டான்.

ஐப்பசிக் கடைசியில் அவளுக்கு மடி இறங்கியது.

விரலைத் திருப்பி விரித்தேன்.
ஐந்தாவது விரல் ஆனியில் நின்றது:
சோளகம் கிளுவை வேலியைச் சரித்த கிழமை.
மரியநேசனின் கிடாய்
அன்று எங்கள் வளவில் நின்று
ஒன்றும் அறியாததுபோல் பூவரசங்குழை தின்றது.

கார்த்திகை ஏழு. தாழமுக்கம் என்றது வானொலி.
கொட்டிலில் கணுக்கால் வெள்ளம்,
கிடுகைப் பிய்க்கிற வாடை.
போன் வெளிச்சத்தில் பார்த்தால்
ஒரு மூக்கு, ஒரு கால்.
மற்றக் கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது.

தேங்காயெண்ணெய். அவள் முக்கும்போது பொறுத்து
விடும்போது தள்ளினேன்.
உள்ளே என்ன சூடு!
முழங்காலைத் தொட்டு
குளம்பை உள்ளங்கைக்குள் பொத்தி
மெல்ல நிமிர்த்தினேன்.

முதற்குட்டி தும்மியது.
இரண்டாவது தும்மவில்லை.
மூக்கில் வைக்கோல் விட்டேன், காலைப் பிடித்துச் சுழற்றினேன்,
இல்லை.

கடும்பைக் கறந்து சூப்பிப் போத்தலில் பருக்கி
அடுப்படியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தேன்.
விடியப்புறம் அது எழும்பி
உப்புப் பானையைத் தட்டி உடைத்தது.

மழை விட்ட அன்றே மரியநேசன் வந்தான்.
"என்ர கிடாயின்ர குட்டியெல்லோ, ஒரு பங்கு தாவன்."
"உன்ர கிடாய் பாஞ்ச வேலிக்கு
முதல்ல நீ காசு வை."
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

தை பத்து என்றேன், எட்டிலேயே தொடங்கிவிட்டன.
நான்கு நாளில் பதினொன்று.
எந்தத் தாய்க்கு எந்தக் குட்டி என்று
எண்ணெய்க் கரியால் இலக்கம் போட்டேன்.
அவற்றுக்கு நடுவே பானை உடைத்தவன்
பெரியவன்போல் புல் மேய்ந்துகொண்டே
யார் அசந்தாலும் அவள் மடியில் வாய் வைத்தான்.

புதுக் கலண்டரில்
ஆவணி பத்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.
பிறகு ஆனிக்குத் திருப்பி
முதல் நாளிலேயே எழுதினேன்:
வேலி.