மூன்று அரைப்புள்ளிகள்

அழித்துவிடாதே என்றார் டொன் எவரிஸ்தோ.
கண்ணில் படாமல் இருந்தால் போதும்.
அழித்தால் கூட்டுத்தொகை குறையும்,
குறைந்தால் சாந்தியாகோவிலிருந்து
போன் வரும்.

சொன்சியில் அன்று ஐந்தாம் நாள் மழை.
கீழ்த்தளத்தில் சால்மன் போகும் பெல்ட் ஓட
அதன் அதிர்வு படியேறி வந்து
என் காப்பிக் கோப்பைக்குள் வட்டம் போட்டது.

நாற்பத்தோரு பேர்.
தலைக்குப் பதினெட்டாயிரம் பெசோ ஊக்கத்தொகை.
அவர்களுக்கு அடியில் இன்னும் மூன்று பேர்,
கத்தி பிடிக்காதவர்கள்,
ஆளுக்கு எட்டு லட்சம்.

எழுத்தை வெள்ளையாக்கி
வெள்ளைத் தாளில் விடலாம்.
அது அவசரக்காரர் வேலை,
யாராவது பின்னணிக்கு மஞ்சள் பூசினால்
பல்லைக் காட்டிவிடும்.
எனக்கு வேறு வழி தெரியும்:
எண்ணின் வடிவம் கேட்கும் பெட்டியில்
மூன்று அரைப்புள்ளிகள்.
வேறொன்றும் வேண்டாம்.

ஒரு கட்டத்துக்குள் நான்கு அறைகள்.
முதல் அறை வரவுக்கு,
அடுத்தது கடனுக்கு,
பிறகு சுழியத்துக்கு ஒரு முடுக்கு,
கடைசியில் பெயர்கள் வந்து தங்கும் அறை.
அரைப்புள்ளிகள் நடுச்சுவர்கள்.
அறைகளில் ஒன்றும் எழுதாமல்
சுவர்களை மட்டும் எழுப்பிவிட்டால்
குடியிருப்பவர் குடியிருப்பார்,
விளக்கு மட்டும் எரியாது.

யாரிடமும் கற்றதில்லை இதை.
புந்தா அரேனாஸ் சிறையில் இருக்கும் என் தம்பிக்கு
மாதாமாதம் நான் அனுப்புவது
வீட்டுக் கணக்கில் பத்தொன்பதாம் வரியில் இருக்கிறது.
ஹெர்னான் பார்த்தால் வெறும் வெள்ளை.

சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில்
சுவர்மீது கணக்கைக் காட்டினோம்.
ரப்பர் பூட்ஸ்கள், ஈர ஏப்ரன்கள்,
உரித்த மீனின் வாடை.
க்ளோரிந்தா மான்சியா
கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

நாற்பத்தொன்றைப் பதினெட்டால் பெருக்கினேன், என்றாள்.
ஏழு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் வருகிறது.
நீங்கள் கீழே போட்டிருப்பது
முப்பத்தோரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.
நடுவில் மூன்று வெள்ளை வரி இருக்கிறதே,
அது யார் வீடு?

இடைவெளி, என்றார் டொன் எவரிஸ்தோ.
பார்வைக்கு லட்சணமாக இருக்கட்டுமென்று.

யாரும் சிரிக்கவில்லை.
புரொஜெக்டரின் விசிறி மட்டும் சுற்றியது.
கர்சர் நாற்பத்தோராவது ஆளின் மேல் நின்றது.
என் விரல் கீழ் அம்பின் மேல்.

ஒரு தட்டு.
கட்டம் வெள்ளையாகவே இருந்தது.
ஆனால் தாளின் தலைக்கு மேலே,
நீள்பட்டையில்,
800000.
அந்தப் பட்டைக்கு
என் அரைப்புள்ளிகளைத் தெரியாது,
உள்ளே இருப்பதை மட்டுமே தெரியும்.
சுவரில் ஒவ்வொரு சுழியமும்
முட்டை அளவு இருந்தது.

கை தவறிவிட்டது என்று பிறகு சொன்னேன்.
கீழ் அம்புக்கு அது பொருந்தும்.
அடுத்து இடப்பக்க அம்பையும்
இரண்டு முறை தட்டியிருந்தேன்.
பெயர் நிரலில் போய் நின்றது கர்சர்.
க்ளோரிந்தா எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
எவரிஸ்தோ பார்ரியா.

அப்புறம் யார் மின்கம்பியைப் பிடுங்கினார்கள்
என்பது எனக்கு நினைவில்லை.

அன்று இரவு ஹெர்னான் அடுப்போரம் உட்கார்ந்து
வீட்டுக் கணக்கைத் திறந்தான்.
கேட்டான், எப்போதும் கேட்பதுதான்:
ஒவ்வொன்றாகக் கூட்டினால் ஒன்று வருகிறது,
இது வேறொன்று சொல்கிறது.
பரவாயில்லை, இயந்திரம் பொய் சொல்லாது.
ஏழு மாதமாக இப்படித்தான்
தன் கூட்டலைத் தானே
தப்பென்று வைத்துக்கொண்டிருக்கிறான்.

மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன்.
கர்சரைப் பதினெட்டாம் வரியில் வைத்தேன்.
மறுபடி அவன் பக்கம் திருப்பிவிட்டு
விறகு எடுத்துவர
மழைக்குள் போனேன்.